உங்களுக்குத் தெரியுமா? மாவு பொங்கும் ஃப்ரிட்ஜ்

● தாம்பரத்தில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு அரைத்து வைத்த மாவு, விடிவதற்குள் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடியிருக்கும். அதே அளவு, அதே கிரைண்டர், மார்கழியில் காலை எட்டு மணிக்கும் மாவு அசையாமல் கிடக்கும். இட்லி மாவுக்குத் தோதான சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜும், வெளியே மாட்டுகிற ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் இருந்தால் வருடம் முழுக்க அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கலாம். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் போடுகிறவர்கள் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இது.

● பீர் என்றதும் புருவம் உயர்த்துகிறவர்களுக்கு: தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இல் வந்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'நான் குடிக்கத்தான்' என்ற சமாதானம் எடுபடாது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்க மத்திய அரசு 1978இல் அனுமதித்தது. மெல்பர்னிலோ லண்டனிலோ இருக்கும் உங்கள் மச்சான் போடலாம். சேலையூரில் நீங்கள் போடக் கூடாது. நம் ஃப்ரிட்ஜுக்கு இட்லி மாவும் தயிரும் போதும்.

● மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட் அல்ல, பாக்டீரியா. லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்று பெயர். உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. 1965இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் இது வெளியானது. ஆக, ஆப்ப சோடா போட்டுத்தான் மாவு பொங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

● ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் திருகில் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கின்றனவே, அவை டிகிரி இல்லை! எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். அந்த தெர்மோஸ்டாட் ஃப்ரிட்ஜைச் சில்லென்று வைப்பதற்காகச் செய்யப்பட்டது. எப்படித் திருகினாலும் 28 டிகிரியில் நிற்காது. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு கன்ட்ரோலர் வேண்டியிருக்கிறது. ஃப்ரிட்ஜின் பிளக்கை அதில் செருகிவிட்டால், சூடு ஏறும்போது கரண்டை விடும், இறங்கியதும் நிறுத்தும். உள்ளே இருக்கும் திருகை அதிகபட்சக் குளிரில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

● கன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது, திரையில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை. வீண் வேலை. எஸ்.டி.சி-1000 என்ற மலிவான, உலகமெங்கும் ஓடுகிற கன்ட்ரோலர் 0.1 டிகிரி காட்டும். ஆனால் அதன் துல்லியமே ஒரு டிகிரி முன்னே பின்னேதான். இட்லி மாவுக்கு அது தாராளம். பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, டிலே. கம்ப்ரஸர் நின்றவுடன் ஒரு பக்கம் அழுத்தம் அப்படியே தேங்கி நிற்கும். அது சமமாக மூன்று, நான்கு நிமிடம் பிடிக்கும். அதற்குள் மறுபடி கரண்ட் கொடுத்தால் மோட்டாரால் சுழல முடியாது. 'ம்ம்ம்' என்று உறுமும், கரண்டை இழுக்கும், ஓவர்லோடு 'டக்'கென்று வெட்டும். தொடர்ந்து இப்படியே நடந்தால் சுருள் கருகிவிடும். பழைய ஸ்டெபிலைசர்களில் மூன்று நிமிடம் கழித்தே கரண்ட் விடும் ஏற்பாடு இருந்தது இதற்காகத்தான். கரண்ட் போய்ப் போய் வரும் பெருங்களத்தூர், முடிச்சூர்ப் பக்கம் இது கட்டாயம். எஸ்.டி.சி-1000இல் எஃப்3 என்ற அமைப்பு, 1 முதல் 10 நிமிடம் வரை. ஐந்தில் வையுங்கள்.

அடுத்தது வித்தியாசம். 28 என்று வைத்தால் எவ்வளவு ஏறிய பிறகு ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும்? 0.3 என்று வைத்தால் நிமிடத்துக்கொரு தடவை ஓடி ஓடி நிற்கப் பார்க்கும். 1 டிகிரி நல்லது. மாவுக்கு 29ஆனாலும் ஒன்றும் ஆகிவிடாது.

மூன்றாவது, எத்தனை ரிலே. குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு இருந்தால் மார்கழிக்கும் கவலையில்லை. டபிள்யூ-1209 என்ற குட்டி போர்டு விலை மிகக் குறைவு. ஆனால் ஒரே ரிலே, 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும், பெட்டியும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதை வேண்டாம் என்பேன். ஒயரைத் தொடவே பயமாக இருந்தால், பிளக்கும் சாக்கெட்டும் சேர்ந்தே வரும் இங்க்பேர்ட் ஐ.டி.சி-308 மாதிரியானது சரி. எதுவானாலும் 220 வோல்ட்டா என்று லேபிளைப் பாருங்கள். ஒரே மாடல் 110 வோல்ட்டிலும் வருகிறது.

● சென்சாரைக் காற்றில் தொங்க விடக் கூடாது. கதவைத் திறந்த நொடியில் காற்றின் சூடு ஏறிவிடும். மாவு அப்படியே இருக்கும். கன்ட்ரோலர் ஏமாந்து ஃப்ரிட்ஜை ஓட்டும். எவர்சில்வர் தூக்கின் வெளிப்புறத்தில், மாவு மட்டத்துக்குக் கீழே சென்சாரை வைத்து, அதன்மேல் ஒரு துண்டு தெர்மாகோல் வைத்து டேப் ஒட்டுங்கள். மாவுக்குள் முக்க வேண்டாம், அது சாப்பாட்டுக்காகச் செய்த பிளாஸ்டிக் இல்லை. தூக்கில் பாதிக்கு மேல் மாவு ஊற்றவும் வேண்டாம்.

● சென்சார் சரியாகக் காட்டுகிறதா? டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், கொஞ்சம் தண்ணீர், நன்றாகக் கலக்கி சென்சாரை முக்குங்கள். 0 காட்ட வேண்டும். 1.2 காட்டினால், எஸ்.டி.சி-1000இன் எஃப்4 அமைப்பில் 1.2ஐக் கழித்துவிடுங்கள். செலவு, ஒரு தட்டு ஐஸ் கட்டி.

● ஜீரோ வாட் பல்பு ஜீரோ வாட் இல்லை! பழைய குண்டு பல்பு வகை சுமார் 15 வாட் இழுக்கும். மூடிய ஃப்ரிட்ஜுக்குள் சூடேற்ற அதுவே போதும். சென்னையின் ஜனவரி விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது கன்ட்ரோலரின் சூட்டு ரிலேயில் இதை மாட்டலாம். எல்.இ.டி. ஜீரோ வாட் வாங்கினால் வெளிச்சம்தான் வரும்.

● பனைமரத்தில் சுண்ணாம்பு தடவிய பானையில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். புளிப்பைத் தள்ளிப்போட நம்மவர்களுக்குக் கிடைத்த கருவி குளிர் அல்ல, சுண்ணாம்பு.

● ஜெர்மனியின் பவேரியாவில் 1553இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டும் அனுமதி. வெயிலில் பீர் கெட்டுப்போனதுதான் காரணம். பிறகு 1870களில் கார்ல் வான் லிண்டே குளிரூட்டும் இயந்திரம் செய்தபோது, முதலில் ஆர்வம் காட்டியவர்களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலையும் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜின் கொள்ளுத்தாத்தா பீர் ஆலையில்தான் வேலை பார்த்தது. அதற்கு முன்பே சென்னைக்குக் குளிர் கப்பலில் வந்திறங்கியது: அமெரிக்காவின் ஃபிரெடெரிக் டியூடர் அனுப்பிய ஏரிப் பனிக்கட்டிகளை வைத்த ஐஸ் ஹவுஸ்தான், கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம்.

● நார்வேயின் பண்ணை வீடுகளில் 'க்வேக்' என்ற ஈஸ்ட் உண்டு. மற்ற பீர் ஈஸ்ட்கள் பெரும்பாலும் 20 டிகிரியோ அதற்கும் குறைவோ கேட்கும்போது இது 35 டிகிரியிலும் ஜோராக வேலை செய்யும். சென்னை வெயிலுக்கென்றே பிறந்தது, பிறந்த ஊர்தான் தப்பு.

● பழைய ஃப்ரிட்ஜுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, கன்ட்ரோலருக்கு ரிச்சி தெரு. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது கதவு ரப்பருக்கிடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. ஒற்றைக் கதவு, டைரக்ட் கூல், சாதாரண கம்ப்ரஸர் என்றால் உத்தமம். இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ் இதற்கு ஆகாது. அதற்குள் இருக்கும் போர்டு தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வெளியிலிருந்து கரண்டை வெட்டி வெட்டி விட்டால் போர்டுக்குக் கேடு.

● சென்சார் ஒயருக்காக ஃப்ரிட்ஜில் டிரில் போடாதீர்கள். சுவருக்குள் கேஸ் குழாய் ஓடலாம். புதிய ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ தீப்பிடிக்கும் வாயு. மெல்லிய ஒயர்தான், கதவு ரப்பர் வழியாகவே விட்டுவிடலாம்.

● கடைக்காரர் டச் ஸ்கிரீன், வைஃபை என்று எதைக் காட்டினாலும், 'இதுல கம்ப்ரஸர் டிலே இருக்கா, எத்தனை நிமிஷம் வைக்கலாம்?' என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.