ஜெட்டைக் கழற்றுமுன்

மண்ணெண்ணெயில் ஓடிய வன்னி மோட்டார் சைக்கிள்கள் இன்றைய பெற்றோல் வண்டிகளுக்குச் சொல்லும் பாடம்

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டபோது, அரசின் தடையால் வடக்கே போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் பெற்றோலும் சேர்ந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 வீதி திறபடும் வரை, வவுனியா நகருக்கு வடக்கே, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பெற்றோல் துளிக்கணக்கில் பாவிக்கும் பொருளாக இருந்தது. ஆனாலும் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. ஹொண்டா எம்.டி. 90, சி. 50, சி. 90, சி.டி. 125 எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பின்னால் புகையும் நெடியும் வரும். வண்டி போகும்.

இந்தக் கதை பல தடவை சொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் துயரக் கதையாக, சில வேளை சாமர்த்தியக் கதையாக. அதற்குள் ஒரு தொழில்நுட்பப் பாடமும் கிடக்கிறது. இன்று கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கராச்சில் வண்டியை நிறுத்தி "இழுக்குதில்லை", "பெற்றோல் கூடக் குடிக்குது" என்று சொன்னால், முதலில் பலருக்கு நினைவு வருவது ஜெட். பெரிசைப் போடு, சின்னனைப் போடு, துளையைக் கொஞ்சம் குத்திவிடு. காபரேற்றருக்குள் போகும் எரிபொருளையே மாற்றி ஓடிய மண்ணெண்ணெய்க் காலத்திலோ, பெரிய வேலை ஜெட்டில் இருக்கவில்லை. அது ஏன் என்று விளங்கிக்கொண்டால் ஜெட் என்றால் என்னவென்பதும் விளங்கிவிடும்.

துளையும் எண்ணும்

எஞ்சின் காற்றை இழுக்கும்போது அந்தக் காற்று காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தைக் கடக்கிறது. வாய்க்கால் ஒடுங்கும் இடத்தில் தண்ணீர் விரைவது போலக் காற்றும் அங்கே விரைகிறது. விரையும் இடத்தில் அமுக்கம் குறைகிறது. கீழே மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் எரிபொருளை வெளிக்காற்றின் அமுக்கம் மேலே தள்ளுகிறது. எவ்வளவு மேலே போகலாம் என்று மட்டுப்படுத்துவதுதான் ஜெட்: நடுவில் துல்லியமாகத் துளைத்த ஒரு சிறு பித்தளைத் திருகு.

பெற்றோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று நிறையளவில் வேண்டும். எரிபொருள் குறைந்தால் கலவை மெலிகிறது. எஞ்சின் சூடேறும், இழுவை போகும், மோசமானால் பிஸ்ரனும் வால்வும் கருகும். கூடினால் கலவை தடிக்கிறது. புகை வரும், பிளக் கறுக்கும், காசு சைலன்சரால் போகும்.

ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணைச் சரியாக வாசிக்கத் தெரியவேண்டும். கெய்ஹின் கம்பனியின் காபரேற்றரில் 75 என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.75 மில்லிமீற்றர். மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் அதே மாதிரி எண், குறித்த நேரத்தில் பாயும் அளவைக் குறிக்கிறது. ஆகவே ஒரு கம்பனியின் 100 இன்னொரு கம்பனியின் 100க்குச் சமமாகாது. வன்னியில் இன்று ஓடும் இந்திய வண்டிகளில் இரண்டு வழியும் உண்டு. 'ரெண்டும் நூறு தானே' என்று மாற்றிப் போடுவதில் பல வண்டிகள் கெடுகின்றன.

எண்ணைப் பற்றி இன்னொன்று. பாய்வு விட்டத்தோடு போவதில்லை, பரப்போடு போகிறது. 75ஐ எடுத்து 78 போட்டால் எண்ணில் வித்தியாசம் மூன்று. பரப்பில் அது 8 சதவீதம். 75ஐ 80 ஆக்கினால் 14 சதவீதத்துக்குக் கிட்ட. அடைத்த ஜெட்டை உருக்குக் கம்பியால் குத்தித் திருப்பும் கை, மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு பித்தளையைத் தேய்த்தாலே இந்த 14 சதவீதம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. எண் அதே 75 ஆகத்தான் இருக்கும். ஆனால் அது இனி 75 இல்லை.

மண்ணெண்ணெய் காட்டியது

இப்போது பழைய காலத்துக்குப் போவோம். மண்ணெண்ணெய் முழுதாக எரியத் தேவையான காற்று, பெற்றோலுக்குத் தேவையான அளவுக்கு மிகக் கிட்ட. மண்ணெண்ணெய் பெற்றோலைவிடச் சற்றுப் பாரம் கூடியது. அதனால் அதே துளையால் கொஞ்சம் கூடுதலான நிறை போகப் பார்க்கும். அதேவேளை தடிப்பும் கூடியது. சிறிய துளையில் அந்தத் தடிப்பு பாய்வைத் தடுக்கும். ஒன்று மற்றதைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆகவே ஜெட்டின் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை.

சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, ஆவியாதல். பெற்றோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே போகும். துளி சரியாக எரியாது. பெற்றோலைப் பீச்சித் தொடங்கியது அதற்காகத்தான். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் ஐதாக்கும். ஒயில் மாற்றாமல் ஓடியவர் எஞ்சினை இழந்தார்.

இரண்டாவது, ஒக்ரேன்: நேரத்துக்கு முன்பே வெடிப்பதை எதிர்க்கும் சக்தி. இன்று எங்கள் நிரப்பு நிலையங்களில் 92, 95 என்ற எண்ணோடு பெற்றோல் விற்கிறது. மண்ணெண்ணெயின் எதிர்ப்புச் சக்தி அதற்கு எட்டாத தாழ்வில் உள்ளது. அமுக்கம் கூடிய எஞ்சினில் நேரத்துக்கு முன்பே வெடித்து, 'டிக் டிக்' என்று தட்டும். பாரம் ஏற்றினால், மேட்டில் ஏறினால், தட்டல் கூடும். அதற்கு மருந்து ஜெட் பெட்டியில் இல்லை: அமுக்க விகிதத்தைக் குறைக்கவேண்டும், தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளவேண்டும், அக்சிலேற்றரை மெல்ல முறுக்கவேண்டும்.

இது உலகத்துக்குப் புதிதில்லை. பிரித்தானியாவில் 1949இல் வந்த ஃபேர்கசன் டி.ஈ.டி. 20 உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகு மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறுவது. அதற்காகவே அதன் அமுக்க விகிதத்தைக் குறைத்துச் செய்தார்கள். தோட்டக் கிணற்றில் நின்ற மண்ணெண்ணெய்ப் பம்பும் அதே முறைதான்: பெற்றோலில் தொடக்கம், மண்ணெண்ணெயில் ஓட்டம். வடக்கின் விவசாயிக்கு அந்தப் பழக்கம் தடைக்கு முன்னரே கையில் இருந்தது. மோட்டார் சைக்கிளைத் தொழிற்சாலை அப்படிச் செய்து தரவில்லை என்பதுதான் வித்தியாசம். எம்.டி. 90 ஜப்பானில் கடிதம் விநியோகிக்கவென்று 1971இல் வந்த 89 சீசீ வண்டி, பெற்றோலுக்கென்று பிறந்தது. அதை வேறு எரிபொருளுக்குப் பழக்கிய மெக்கானிக் காற்று, எரிபொருள், சூடு, அமுக்கம், பொறி என்ற ஐந்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் திருகி வண்டியை ஓட்ட வழி இருக்கவில்லை.

அந்தச் சேர்த்துப் பார்க்கும் பார்வைதான் இன்று கராச்சுகளில் தேய்ந்துவருகிறது என்பது என் கவலை.

வன்னியில் எது மாறுகிறது?

ஜெட்டை மாற்ற நியாயமான காரணங்கள் உலகில் மூன்று நான்குதான். கடல் மட்டத்திலிருந்து உயரம், காற்றின் சூடு, காற்று வரும் போகும் வழியில் மாற்றம், எரிபொருளில் மாற்றம்.

உயரத்தை எடுத்தால், வன்னி தட்டை நிலம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்று ஐதாகி, கலவை ஒன்பது பத்து சதவீதம் தடிக்கும். அங்கே ஒரு படி சிறிய ஜெட் பற்றி யோசிக்கலாம். மாங்குளத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. சூட்டை எடுத்தால், காலை 25 பாகை மத்தியானம் 35 ஆனாலும் கலவையில் வரும் மாற்றம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு படி ஜெட்டே எட்டு சதவீதம் என்று மேலே பார்த்தோம். ஆகவே 'வெக்கைக்கு ஜெட் மாற்றவேணும்' என்ற பேச்சுக்கு இங்கே அடிப்படை இல்லை.

எஞ்சியவை இரண்டு. அவைதான் எங்கள் ஊரின் உண்மையான பிரச்சினைகள்.

ஒன்று, காற்று வழி. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிறவல் வீதியில் ஒரு டிப்பர் முன்னால் போனால் வழி தெரியாத புழுதி. அந்தப் புழுதி ஏர் ஃபில்ரரில் படிந்து காற்றை அடைக்கிறது, கலவை தடிக்கிறது, பெற்றோல் கூடச் செலவாகிறது. 'ஜெட் பெரிசாப் போச்சு' என்று சின்ன ஜெட் போடுகிறார்கள். பிறகொரு நாள் ஃபில்ரரைத் துப்புரவாக்கினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறுகிறது. மறுபக்கம், சத்தத்துக்காகச் சைலன்சரைத் திறந்துவிட்டும் ஃபில்ரரைக் கழற்றிவிட்டும் ஓடும் இளைஞர்கள். அங்கே கலவை மெலிகிறது, புழுதி நேரே சிலிண்டருக்குள் போகிறது. பெரிய ஜெட் போட்டால் மெலிவு தீரலாம். புழுதி அராவிய சிலிண்டரை எந்த ஜெட்டும் திருத்தாது.

இரண்டு, எரிபொருள். நிரப்பு நிலையம் தூரமான ஊர்களில் கடையில் போத்தல் பெற்றோல் வாங்கவேண்டியிருக்கிறது. அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் இழுவை குறையும், தட்டல் வரும். 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் லீற்றர் 450 ரூபாயைத் தாண்டி நிற்க, மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்தது. அந்த இடைவெளி கலப்படத்துக்கு அழைப்பு. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக ஏறியபோது அந்த ஆசை குறைந்தது. ஆனாலும் தட்டும் வண்டி வந்தால் முதலில் தாங்கியில் இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிப் பார்ப்பதுதான் புத்தி.

ஜெட்டுக்கு முன் பார்க்கவேண்டியவை

ஏர் ஃபில்ரர். பெற்றோல் குழாயின் வலை. மிதவையின் மட்டம். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ரப்பர் மூட்டில் வெடிப்பு. வால்வின் இடைவெளி. பிளக். இவை ஆறும் சரியென்று கண்ட பிறகே ஜெட்டுக்கு வரவேண்டும்.

வந்தாலும் எந்த ஜெட்? காபரேற்றரில் பெரியது, சிறியது என்று இரண்டு உண்டு. பெரிய ஜெட் ஆளுவது அக்சிலேற்றரின் கடைசிக் காற்பங்கை. சும்மா நிற்கும்போதும் மெல்லப் போகும்போதும் ஆளுவது சிறிய ஜெட். நடுப்பகுதியை ஆளுவது காபரேற்றரின் ஊசி. எங்கள் வீதிகளில் பால், மரக்கறி, பிள்ளைகள் என்று ஏற்றிப் போகும் வண்டி பெரும்பாலும் காலிலிருந்து அரைவாசி முறுக்கில்தான் ஓடுகிறது. அதன் பெற்றோல் செலவை முதலில் தீர்மானிப்பவை ஊசியும் சிறிய ஜெட்டும். பெரிய ஜெட்டை மாற்றிவிட்டு 'செலவு குறையேல்லை' என்று சலிப்பவர், வேலை செய்யாத இடத்தில் வேலை செய்திருக்கிறார்.

கைப்பிடியில் ஒரு துண்டு ரேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று குறியிடுங்கள். சூடான எஞ்சினை வாகனம் குறைந்த நேர் வீதியில் ஒரே குறியில் சிறிது தூரம் ஓட்டி, கிளச்சைப் பிடித்து உடனே எஞ்சினை நிறுத்தி, ஓரமாக நின்று, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கபில நிறமென்றால் சரி. வெள்ளையென்றால் மெலிவு, கரி பிடித்திருந்தால் தடிப்பு. எந்தக் குறியில் கோளாறோ அந்தக் குறியை ஆளும் உறுப்பை மட்டும் தொடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு படி. அடைத்த ஜெட்டைக் காற்றாலும் துப்புரவுத் திரவத்தாலும் ஊதுங்கள். கம்பி வேண்டாம். கழற்றிய ஜெட்டின் எண்ணை எழுதிவையுங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடிய வண்டிக்கு அது 200 கிலோமீற்றர்; கலவை தடித்து 40 ஓடிய வண்டிக்கு 160. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 வீதி ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். வாரத்தில் ஏறத்தாழ இரண்டு தடவை போய்வரக்கூடிய ஆளுக்கும் இரண்டாம் தடவை பாதி வழியில் நிற்கும் ஆளுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு சிறிய துளையிலும் ஒரு அழுக்கு ஃபில்ரரிலும் இருந்தது. நாட்கூலிக்குப் போகிறவருக்கும் கடலில் இருந்து வந்த மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவருக்கும் அது சோற்றுக் கணக்கு.

காபரேற்றர் போய்விடும் காலம் வருகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததோடு புதிய வண்டிகள் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறின. ஆனால் இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025இல்தான் மறுபடி திறந்தது. ஆகவே எங்கள் முற்றங்களில் நிற்பவை பெரும்பாலும் பழைய காபரேற்றர் வண்டிகள். இன்னும் பல ஆண்டுகள் அவைதான் ஓடப்போகின்றன.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறையின் மெக்கானிக்குகள் பலர் அவற்றுக்குக் கிட்டிய ஊர்களிலேயே வாழ்கிறார்கள். எந்த வண்டிக்கு என்ன செய்தார்கள், எது பலித்தது, எது எஞ்சினைத் தின்றது என்று அவர்களிடம் கேட்டு எழுதி, இன்றைய பாடத்தில் சேர்க்கவேண்டும். கேட்டுப் பதிய ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். ஜெட்டைக் கழற்றுமுன் முழு எஞ்சினையும் பார்க்கவேண்டும் என்பதைத் தடைக்காலத்தில் கைப்பட அறிந்தவர்கள் அவர்கள். அதை அடுத்த கைக்குக் கொடுக்க அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்பது எங்கள் கடன்.