உறங்குவோருக்காக விழித்திருப்போர்

நுழையும்முன்

அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் மூச்சையும் நாடியையும் காப்பவர் மயக்கவியல் மருத்துவர். நோயாளி உறங்கும் வேளையில் நிகழ்வது அவர் பணி; ஆதலால் அவர் பெயரை நோயாளிகள் பெரும்பாலும் அறிவதில்லை. அம்மருத்துவர்களுள் சிலர், தாம் அறிந்தவற்றை நூலாகவும் இதழாகவும் பயிற்சி ஏடாகவும் தொகுத்தளித்தனர். அவர்கள் கடந்துவந்த தொழிற்பாதை, அவர்கள் உருவாக்கிய கல்வி ஏடுகளை எவ்வாறு வடிவமைத்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு வினாக்கள்

மயக்க மருந்து பெற்றவர் வலியுணர்வை இழக்கிறார். அத்துடன் தமக்கு நேரும் துன்பத்தைப் பிறருக்கு உணர்த்தும் ஆற்றலையும் இழக்கிறார். ஆழ்ந்த மயக்கத்தில் தாமாக மூச்சுவிடும் ஆற்றலும் குன்றக்கூடும். மூளைக்கு உயிர்வளி செல்வது தடைபட்டால் சில நிமிடங்களிலேயே மீட்க இயலாத கேடு விளையும். அந்தச் சில நிமிடங்களில் நூலைப் புரட்டிப் பார்க்க எவராலும் இயலாது.

ஆகவே, இத்துறைக்குக் கல்வி ஏடு தொகுப்பவர் முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. சான்றுகளால் உறுதிப்பட்டது எது? அதனுள், நெருக்கடி வேளையில் தவறாமல் நினைவுக்கு வரவேண்டியது எது? முதல் வினாவிற்கு விடை காண ஆய்வறிவு வேண்டும். இரண்டாம் வினாவிற்கு விடை காண, நோயாளியின் அருகில் நின்ற பட்டறிவும் வேண்டும்.

மரணங்களைப் பாடமாக்கியவர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று, வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டினார். மறு ஆண்டில் குளோரோஃபார்ம் பயன்பாட்டிற்கு வந்தது. 1848ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் தரப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் உயிரிழந்தாள். வலியைப் போக்க வந்த மருந்தே உயிரைப் பறித்தது ஏன் என்னும் வினா எழுந்தது.

அவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் ஸ்நோ. உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்த அவர், 14 வயதில் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இளமையிலேயே சுரங்கத் தொழிலாளரிடையே காலராவின் கொடுமையைக் கண்டார். 1854இல் இலண்டனில் காலரா பரவியபோது, எந்த வீட்டில் எத்தனை பேர் இறந்தனர் எனக் கணக்கெடுத்து, குடிநீர்க் குழாய் ஒன்றே நோய்க்கு ஊற்று என நிறுவிய அறிஞர் இவரே.

மரணங்களை எண்ணி, ஒப்பிட்டு, காரணம் காணும் அதே முறையை அவர் மயக்கவியலிலும் கையாண்டார். குளோரோஃபார்மால் நேர்ந்ததாகக் கூறப்பட்ட மரணங்களை ஒவ்வொன்றாகத் திரட்டி ஆய்ந்தார். துணியில் மருந்தை ஊற்றி முகத்தில் வைக்கும்போது, காற்றில் ஆவி எந்த அளவு கலந்துள்ளது என்பதை அறிய வழியில்லை. அளவு மிகுந்தால் இதயம் திடீரென நின்றுவிடும் என்று விளக்கினார். ஆவியின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும் என வலியுறுத்தினார். அவர் தம் நூலை நிறைவு செய்யும் வேளையில் பக்கவாதம் தாக்கி, 1858இல் 45 வயதில் மறைந்தார். நண்பர் பெஞ்சமின் ரிச்சர்ட்சன் அந்நூலைப் பதிப்பித்து அவ்வாண்டிலேயே வெளியிட்டார். வெற்றிகளை மட்டுமன்றி இழப்புகளையும் மறைக்காமல் பதிவு செய்யும் மரபிற்கு அந்நூல் முன்னோடியாயிற்று.

இதழால் துறையை வளர்த்தவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயக்கமருந்து கொடுப்பது தனித்துறையாக மதிக்கப்படவில்லை. கையில் வேறு வேலையில்லாதவர் செய்யும் துணைப்பணியாகவே பல மருத்துவமனைகள் அதனைக் கருதின. ஓரிடத்தில் அறியப்பட்ட உண்மை மற்றோரிடத்தை எட்டவும் வழியில்லை.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் மெக்மெக்கனை மூட்டுவாத நோய் இளம் வயதிலேயே சக்கர நாற்காலியில் அமர்த்தியது. மருந்து கொடுக்கும் பணியைத் தொடர இயலாத நிலையில், அவர் எழுதுகோலைக் கையிலெடுத்தார். 1914 முதல், அறுவை மருத்துவ இதழ் ஒன்றின் காலாண்டு இணைப்பாக மயக்கவியல் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1922இல் மயக்கவியலுக்கென்றே தனி இதழைத் தொடங்கினார். அவர் துணைவியார் லோரெட் இப்பணிகளில் உடனுழைத்தார். மருத்துவர்களைச் சங்கங்களாக இணைத்து, அவர்தம் பட்டறிவை எழுத்தாக்கச் செய்த மெக்மெக்கன் 1939இல் மறையும்வரை ஆசிரியர் பணியைக் கைவிடவில்லை. அவர் தொடங்கிய இதழ் இன்றும் வெளிவருகிறது.

ஐந்து குறிகள்

வர்ஜீனியா அப்கார் அறுவை மருத்துவராகும் நோக்குடன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1933இல் பட்டம் பெற்றார். அறுவைத் துறையில் பெண்களுக்கு வாய்ப்பு அரிதாயிருந்த அக்காலத்தில், ஆசிரியரின் அறிவுரையை ஏற்று மயக்கவியலுக்கு மாறினார். 1949இல் அக்கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரானார்.

பேறுகால அறையில் தாய்க்குத் தரப்படும் மருந்து சேயை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அவர் கூர்ந்து நோக்கினார். பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிடப் பொதுவான அளவுகோல் அன்று இல்லை. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கு எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்தை மட்டும் அவர் தேர்ந்தார். ஒவ்வொன்றிற்கும் 0, 1, 2 என மதிப்பெண் வகுத்தார், மொத்தம் 10. 1953இல் வெளியான இம்முறைக்குக் கண்ணும் காதும் கையும் கடிகாரமும் போதும். எளிய மருத்துவமனையின் செவிலியரும் இதனைக் கையாளலாம். பின்னர் அவர் பொதுநலவியல் பட்டமும் பெற்று, குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகள் குறித்துப் பெற்றோருக்காக 1972இல் ஒரு நூலையும் இணைந்து எழுதினார்.

குழந்தைக்கு உடனடியாக உதவி தேவையா என்பதை உணர்த்தவே இம்மதிப்பெண் ஏற்பட்டது. அக்குழந்தையின் பிற்கால அறிவாற்றலை இதனைக் கொண்டு கணிக்கலாகாது என்று இன்றைய மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. எளிமையாக்கப்பட்ட பாடம் தன் எல்லையையும் கூறவேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

மூச்சைப் பொதுவுடைமையாக்கியவர்

வியன்னாவில் மருத்துவம் பயின்ற பீட்டர் சஃபார், அமெரிக்காவில் அறுவைப் பயிற்சி பெற்றுப் பின்னர் மயக்கவியலுக்கு வந்தார். மூச்சு நின்றவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்திக் கைகளைத் தூக்கும் முதலுதவி முறையே அன்று கற்பிக்கப்பட்டது. நினைவிழந்தவரின் நாக்கு பின்சென்று தொண்டையை அடைக்கும் என்பது மயக்கவியல் மருத்துவர்கள் நாள்தோறும் காணும் உண்மை. 1950களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரில், தாமாக முன்வந்த தன்னார்வலர்களைக் கொண்டு சஃபார் ஆய்வு நடத்தினார். தலையைப் பின்சாய்த்துத் தாடையை உயர்த்தினால் காற்றுவழி திறக்கும் என்றும், வாயோடு வாய்வைத்து ஊதும் முறையை மருத்துவம் பயிலாதவரும் செய்ய இயலும் என்றும் நிறுவினார்.

காற்றுவழி, மூச்சு, குருதியோட்டம் என்னும் மூன்றையும் ஆங்கில அகரவரிசையின் முதல் மூன்று எழுத்துகளில் அடக்கினார். நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் ஆஸ்முண்ட் லேர்டால், இம்முறையைப் பழக 1960இல் மனித உருவப் பொம்மையை உருவாக்கினார். 1966இல் சஃபார் தம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரின் கருப்பின இளைஞர்களைத் திரட்டித் தொடங்கப்பட்ட அவசர ஊர்திப் பணிக்குப் பயிற்சித் திட்டம் வகுத்தார். மருத்துவமனைக்கு வெளியிலேயே சிகிச்சை தொடங்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை.

சஃபார் வகுத்த வரிசையும் மாறாமல் நின்றுவிடவில்லை. இதயம் நின்ற பெரியவர்களுக்கு மார்பு அழுத்தத்தையே முதலில் தொடங்கவேண்டும் என 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் வழிகாட்டுதலைத் திருத்தியது. புதிய சான்று கிடைக்குமிடத்துப் பழைய பாடத்தைத் திருத்துவது, அதனை வகுத்தவருக்கு இழைக்கும் அவமதிப்பு ஆகாது.

பொறியியல் தந்த பயிற்சி

டேவிட் காபா உயிர்மருத்துவப் பொறியியல் பயின்றபின் மருத்துவரானவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1980களில் தம் குழுவினருடன் மயக்கவியல் பயிற்சிக்கான ஒப்புருவாக்கச் சூழலை அமைத்தார். விமானிகள் தரையிலிருந்தே ஆபத்துகளை எதிர்கொள்ளப் பழகுவதுபோல், மருத்துவரும் நோயாளிக்குத் தீங்கின்றி நெருக்கடிகளைப் பழகலாம் என்பது அதன் கருத்து. பாடம் தெரிந்தவரும் பதற்றத்தில் தடுமாறுவர் என்பதை அப்பயிற்சிகள் உணர்த்தின. உரிய நேரத்தில் உதவிக்கு அழைத்தல், பொறுப்புகளைப் பகிர்தல், ஐயத்தை வாய்விட்டுக் கூறுதல் ஆகியவையும் பாடங்களாயின. இவற்றைத் தொகுத்து 1994இல் காபாவும் உடனாசிரியர்களும் ஒரு நூலை வெளியிட்டனர். 2006இல் தொடங்கப்பட்ட ஒப்புருவாக்கப் பயிற்சி இதழுக்கு அவரே முதல் ஆசிரியரானார்.

வழிகள் பல; பொறுப்பு ஒன்று

நோய்ப்பரவலை ஆய்ந்தவர், நோயால் முடங்கியவர், அறுவைத் துறையிலிருந்து மாறியவர்கள், பொறியியல் கற்றவர் என இவர்கள் வந்த வழிகள் வேறு வேறு. முன்னர்க் கற்ற எதனையும் இவர்கள் வீணாக்கவில்லை. எண்ணும் பழக்கம் நூலாயிற்று, நோக்கும் கூர்மை மதிப்பெண்ணாயிற்று, பொறியறிவு பயிற்சிக்கூடமாயிற்று. கல்வி ஏடு ஒன்றில் இடம்பெறும் ஒரு வரி, எங்கோ ஓர் அறையில், முகமறியா ஒருவரின் மூச்சைத் தீர்மானிக்கக்கூடும். அதனால், வரியைச் சேர்க்கும்போது சான்றையும், நீக்கும்போது துணிவையும், திருத்தும்போது பணிவையும் பதிப்பாசிரியர் கைக்கொள்ள வேண்டியுள்ளது.