கனவுருவின் பக்க மேற்பரப்பளவு

"பத்துக்குப் பன்னிரண்டு" என்றால் நோர்வூட் பக்கத் தோட்டங்களில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. அது லயக் காம்பிராவின் அளவு. தீபாவளிக்கு முன் அதன் உட்சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். "தம்பி, எத்தனை சதுர அடி வரும்?" என்று அப்பா கேட்டால் பலர் 10 × 12 = 120 என்பர். அது தரையின் பரப்பளவு. தரைக்கு யாரும் சுண்ணாம்பு பூசுவதில்லை.

சுவர்களின் உயரம் 8 அடி எனக் கொள்வோம். (கூரைச் சரிவினால் முகட்டுப் பக்கம் உயர்ந்திருந்தால் அது கனவுரு அன்று. இங்கு நான்கு சுவர்களும் ஒரே உயரமானவை.) ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் மூடியையும் அடியையும் வெட்டி நீக்கி, ஒரு மூலையில் கீறி விரித்துப் பாருங்கள். நான்கு பக்கங்களும் சேர்ந்து ஒரே செவ்வகமாகும். அதன் நீளம் அடியின் சுற்றளவு, அகலம் பெட்டியின் உயரம். எனவே,

பக்க மேற்பரப்பளவு = 2(நீளம் + அகலம்) × உயரம்
= 2(12 + 10) × 8
= 352 சதுர அடி

6 அடிக்கு 3 அடி கதவும், 3 அடிக்கு 2 அடி யன்னலும் இருப்பின் 18 + 6 = 24 ஐக் கழிக்க வேண்டும். பூச வேண்டியது 328 சதுர அடி. வினாவில் கதவு, யன்னல் தரப்பட்டிருந்தும் கழிக்க மறப்பதாலேயே அதிக புள்ளிகள் போகின்றன.

இனி, 10 அடி முகப்புள்ள பத்துக் காம்பிராக்கள் ஒரே வரிசையில் உள்ள லயத்தைப் பார்ப்போம். வெளிச்சுவர்களின் பரப்பளவு 352 × 10 = 3520 ஆகுமா? ஆகாது. லயத்தின் நீளம் 100 அடி, அகலம் 12 அடி. (சுவரின் தடிப்பைப் புறக்கணிக்குக.) ஆகவே 2(100 + 12) × 8 = 1792 சதுர அடி. மீதி 1728 எங்கே? இடைச்சுவர்கள் 9. ஒவ்வொன்றுக்கும் இரு முகங்கள்; ஒரு முகம் 12 × 8 = 96. 18 × 96 = 1728. அயல் வீட்டாருடன் பங்கிடும் சுவர்களே அவை.

2017 மே 12 அன்று நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்கு முன் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் தனி வீடு 550 சதுர அடி. இதுவும் தரையளவே, இதிலிருந்து மட்டும் சுவரளவைக் காண முடியாது. 25 × 22 ஆகக் கட்டினாலும் 50 × 11 ஆகக் கட்டினாலும் தரை 550 தான். ஆனால் 8 அடி உயரத்துக்கு வெளிச்சுவர் முறையே 752, 976 சதுர அடி. இரண்டாவதற்கு 224 சதுர அடி சுவர் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

பயிற்சி: தரை 36 சதுர மீற்றர், சுவர் உயரம் 3 மீற்றர். தரை 6 × 6 ஆகவும் 9 × 4 ஆகவும் இருக்கும்போது பக்க மேற்பரப்பளவுகளைத் தனித்தனியே காண்க. (விடை: 72, 78 சதுர மீற்றர்)