சூலமங்கலம் சகோதரிகள்

பிரிட்டனில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பெண்கள் குழுவின் முதல் பாட்டு 1996-ல் வந்தது. விற்பனைப் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் நின்றது. பெரிய சாதனைதான். நம் ஊரிலும் சேர்ந்து பாடிய பெண்கள் உண்டு, நேயர்களே. தஞ்சைப் பக்கத்துச் சூலமங்கலத்தில் பிறந்த ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும்!

தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தை எச்.எம்.வி. இசைத்தட்டில் இருவரும் பாடினார்கள். இசைத்தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சி.டி. வந்தது, இப்போது கைப்பேசி. குரல் மட்டும் மாறவில்லை. எந்தப் பட்டியலிலும் இடம் தேடாத பாட்டு அது. காரைக்குடியில் விடியற்காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும், ஏதோ ஒரு வீட்டில் அது ஒலிக்கும். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகள் கூடிப் புறப்படும் குன்றக்குடியிலும் அப்படியே.

ராஜலட்சுமி 1967-ல் 'கந்தன் கருணை' படத்தில் பி. சுசீலாவோடு பாடினார். 'தரிசனம்' படத்துக்கு இசையும் அமைத்தார். பெண் இசையமைப்பாளர்கள் அரிதாக இருந்த காலம் அது. இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் அவர்களுடைய பழைய இசைத்தட்டு கிடந்தால், தயவுசெய்து பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.