உப்பாத அப்பம், நொதித்த இரசம்

ஜார்ஜ் டவுன் பினாங்கு சாலையில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த கோயில் அது. அங்கே திருப்பலியில் குருவானவர் உயர்த்திக் காட்டும் நற்கருணை அப்பம் வட்டமாக, காகிதம்போல் மெல்லியதாக இருக்கும். நம் ஊர் ரொட்டி பெங்காலியோ உப்பி, உள்ளே துளைதுளையாக இருக்கும். இரண்டும் கோதுமைதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

எல்லாம் ஈஸ்ட்டின் வேலை, குழந்தைகளே! ஈஸ்ட் ஒரு நுண்ணிய பூஞ்சை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும். கோதுமைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. வாயு அதில் மாட்டிக்கொள்வதால் மாவு உப்புகிறது.

நற்கருணை அப்பத்தில் மாவும் தண்ணீரும் மட்டுமே. இரண்டு சூடான தட்டுகளுக்கிடையே அழுத்திச் சுடுவார்கள். எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்ட இஸ்ரயேல் மக்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்கிறது விவிலியம். அந்த நினைவாக அவர்கள் கொண்டாடிய பாஸ்கா விழாவில் புளிப்பில்லா அப்பமே உண்டார்கள். இயேசுவின் கடைசி இராவுணவும் அந்த விழாக் காலத்தில்தான் நடந்தது. அப்பத்தைத் தம் உடல் என்றும் திராட்சை இரசத்தைத் தம் இரத்தம் என்றும் சொல்லி, தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னார். பீடத்தில் அவை உண்மையாகவே அவருடைய உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அது நுண்ணோக்கியில் தேடும் மாற்றம் அல்ல.

இனி இரசத்துக்கு வருவோம். அப்பத்தில் இல்லாத ஈஸ்ட் இங்கே இல்லாமல் முடியாது! அதுதான் திராட்சைச் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. ஆல்கஹால் ஏறிக்கொண்டே போய்ச் சுமார் 15 சதவீதத்தை எட்டும்போது, பெரும்பாலான ஈஸ்ட் தான் உண்டாக்கிய ஆல்கஹாலாலேயே மடிந்துவிடும். உயிருள்ள ஈஸ்ட்தான் இப்படி நொதிக்க வைக்கிறது என்று நிறுவியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர்.

ஆனால் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகளில், திருவிருந்தில் பெரும்பாலும் நொதிக்காத திராட்சைச் சாறுதான். 1869இல் அமெரிக்கப் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச், பாஸ்டரின் வழியைப் பின்பற்றிச் சாற்றைச் சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்றார். தம் சபையின் திருவிருந்துக்காகவே அதைச் செய்தார். பாஸ்டரின் ஆய்வு பலிபீடம்வரை வந்து சேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். இரண்டு கிண்ணங்களில் கோதுமை மாவைப் பிசைந்து, ஒன்றில் மட்டும் ஈஸ்ட்டும் சிட்டிகைச் சர்க்கரையும் சேருங்கள். இரண்டையும் மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு அம்மா அல்லது அப்பாவின் துணையோடு சுட்டு, பிட்டுப் பாருங்கள். எதில் துளைகள் இருக்கின்றன என்று எங்களுக்கு எழுதுங்கள்!