கட்டுக்குள் இருந்த கால்

ஜார்ஜ் டவுனில் நம்மவர் இன்றும் கடைத்தெரு என்றே வழங்கும் லெபு பாசாரில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், பூக்கடை ஒன்றின் முன்னிருந்த அஞ்சடி நடைபாதையில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்ட எனக்கு, ஆறு வாரம் மாவுக்கட்டோடு வாழும் பிராப்தம் வாய்த்தது. மலாய்க்காரர் 'சீமென்' என்று சொல்லும் இந்தக் கட்டை இன்றைய உருவில் உலகுக்கு அளித்தவர் மத்தைசன் என்னும் டச்சு ராணுவ வைத்தியர். 1852-இல் அவர் தம் முறையை அச்சிட்டு வெளியிட்டார். போர்முனையில் அறுபட்டுப் போயிருக்கக்கூடிய எத்தனையோ கால்கள் அதனால் பிழைத்தன.

கட்டை அறுத்தெடுத்தபோது, இடது கெண்டைக்கால் திரண்டு நிற்க, வலதோ தோல் வெளிறிச் சூம்பிக் கிடந்தது. அதற்கு மனம் முன்னமே ஆயத்தமாயிருந்தது. நான் எதிர்பாராதது வேறு. குதிகாலைத் தரையில் ஊன்றியபடி முழங்காலை முன்னே சாய்க்க முயன்றால், பின்னங்காலில் யாரோ கயிறு கட்டிப் பிடித்திருப்பதுபோல் பாதி வழியில் நின்றுவிட்டது. பிசியோதெரபிஸ்டாக வந்த இளம்பெண், தம் உள்ளங்கையால் என் பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஐயா, படி ஏறுறது பெருசில்ல, எறங்குறப்பதான் தெரியும்" என்றார். கட்டுப் போட்ட அன்று வீக்கமும் வலியும் மிகுந்திருந்தபடியால், பாதம் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த நிலையில் இறுகிவிட்டிருந்தது. அதை அப்போது ஒருவரும் பொருட்படுத்தவில்லை, நானும்தான்.

வேலையற்ற தசை இளைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் திடகாத்திரமான இளைஞர்களின் காலைக் கட்டிவைத்துப் பார்த்ததில், ஐந்தே நாளில் தொடைத்தசையின் பருமன் 3.5 சதவீதமும் பலம் 9 சதவீதமும் குறைந்தன; இரண்டு வாரத்தில் பலத்தின் இழப்பு ஏறத்தாழ 23 சதவீதமாயிற்று. ஆனால் தசை இளைப்பதோடு நில்லாமல் தன் நீளத்தையும் மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதை, சரீர சாஸ்திரம் பயின்றவர் அன்றிப் பிறர் அதிகம் அறியார்.

தசைநார் ஒவ்வொன்றும் சார்க்கோமியர் என்னும் நுண்ணிய கண்ணிகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 400 கண்ணிகள் அடங்கும். கண்ணிக்குள் மயோசின் இழைகளும் ஆக்டின் இழைகளும் ஒன்றினிடையே ஒன்று புகுந்து இழுப்பதாலேயே தசை சுருங்குகிறது. அவை அளவுக்கு மீறி விலகிவிட்டால் பற்றுவதற்கு இடமில்லை. மிக நெருங்கிவிட்டாலோ இழுப்பதற்கு வழியில்லை. ஆகவே, பாதம் கீழ்நோக்கியிருந்த என் கெண்டைக்காலைப்போல் குறுகிய நிலையில் நெடுநாள் கட்டுண்ட தசை, கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிக் கிடப்பதைச் சகியாமல் அவற்றுள் பலவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சியவை தத்தம் உசித அளவில் நிற்குமாறு செய்துகொள்கிறது. நீட்டிய நிலையில் கட்டுண்டதோ புதிய கண்ணிகளைச் சேர்த்துக்கொள்கிறது. சேர்ப்பதும் நடுவில் அன்று, நாரின் இரு முனைகளில். நான் விழுந்த அந்தப் பூக்கடையில் கிழவர் ஒருவர், தொடுத்து முடித்த சரத்தைக் குலைக்காமல், கடைசியில் தொங்கும் நூலில் மேலும் நாலு மல்லிகை வைத்துக் கட்டுவார். ஏறக்குறைய அந்த ரீதிதான்.

1972-இல் பிரான்சின் தபாரியும் உடன் ஆய்ந்தோரும் பூனையின் கெண்டைக்கால் தசையை நான்கு வாரம் கட்டிவைத்து எண்ணினர். குறுகிய நிலையில் கண்ணிகள் 40 சதவீதம் குறைந்தன; நீட்டிய நிலையில் ஏறத்தாழ 20 சதவீதம் பெருகின; கட்டை அவிழ்த்த பின் சில வாரங்களில் எண்ணிக்கை பழையபடி ஆயிற்று. நரம்பை அறுத்துவிட்ட தசையும் இவ்வாறே நடந்துகொள்வதை 1974-இல் கோல்ட்ஸ்பிங்க் முதலானோர் கண்டனர். மூளையின் ஆக்ஞை இன்றியே, தான் எந்த நீளத்தில் வைக்கப்பட்டிருக்கிறோம் என்பதைத் தசை தானே உணர்ந்து அதற்கேற்பத் தன்னைத் தைத்துக்கொள்கிறது! ஊழியம் செய்யாத தசையைச் சோம்பேறி என்று ஏசுவோர் இதனை அறிந்தால் நாணுவர். கட்டுக்குள்ளும் அது ஓயாமல் காரியம் பார்க்கிறது.

கட்டுத்தான் வேண்டுமென்பதில்லை. கொம்தார் வளாகக் கடைகளில் நாள் முழுதும் உயர்குதிச் செருப்போடு நிற்கும் பெண்களைப் பார்க்கிறோம். ஆண்டுக்கணக்கில் அவ்வகைச் செருப்பணிந்தோரை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்ததில், கெண்டைக்கால் தசைக்கற்றைகள் மற்றவரினும் பத்து சதவீதத்துக்கு மேல் குறுகியிருந்தன. கையை உயர்த்தியே ஆண்டுகளைக் கழிக்கும் ஊர்த்துவபாகு சந்நியாசிகளின் கை பிறகு இறங்க மறுப்பதிலும் இக்கதை பாதியுண்டு. மறுபாதி இறுகிப்போன மூட்டின் கதை.

என் காலிலும் மூட்டுச் சவ்வின் பங்கு இருந்தது என்றே அந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னார். தினமும் காலையில் தரையில் அமர்ந்து, முன்பாதத்தில் துண்டை மாட்டி மார்பை நோக்கி இழுத்துப் பிடிக்கவும், பின்னர் சுவரில் கைகளை ஊன்றிக் குதிகால் எழாமல் நிற்கவும் கற்பித்தார். கட்டுண்ட சுண்டெலியின் தசையைத் தினம் அரைமணி நேரம் நீட்டிவிட்டாலே கண்ணிகள் குறையாமல் காக்கலாமென்று பமீலா வில்லியம்ஸ் 1990-இல் காட்டியிருக்கிறார். எனக்கோ கட்டு அவிழ்ந்த பின்னரே அந்த அரைமணி வாய்த்தது.

மூன்றாம் மாதத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். 513 படிகளை, இளைப்பாறி இளைப்பாறி, ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் பிசியோதெரபிஸ்டின் வாக்கு பலித்தது. மேற்படியில் நிற்கும் காலின் குதி பெயராதிருக்க, முழங்கால் விரலைக் கடந்து முன்னே வளைய, தொடைத்தசையோ பாரத்தைச் சுமந்துகொண்டே நீண்டு கொடுக்க வேண்டும். வலக்கால் அதற்கு இணங்காமல் ஒவ்வொரு படியிலும் குதியை வெடுக்கென்று தூக்கிற்று. கைப்பிடியைப் பற்றியவாறு, குழந்தைபோல் படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினேன். பின்னால் வந்த சிறுமி ஒருத்தி பொறுமையிழந்து, "தாத்தா, நான் முன்னால போகட்டுமா?" என்று கேட்டுக் கடந்து போனாள்.

கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொள்ள நேரும் வாசகர், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறதென்று வைத்தியரைக் கேளுங்கள். குதிகால் தசைநாண் அறுந்தவர்க்கு வேண்டுமென்றே விரல் கீழ்நோக்க வைப்பதுண்டு. அதற்கு நியாயம் இருக்கிறது. அப்படியொரு காரணம் இல்லையேல், காலுக்கும் பாதத்துக்கும் இடையே செங்கோணம் இருக்கட்டும் என்று, மாவு உலரும் முன்பே சொல்லிவிடுங்கள்.