ரிக் வண்டித் தொழிலாளர் வாழ்க்கை

ரிக் வண்டி என்பது ஆழ்துளைக் கிணறு துளைக்கும் எந்திரம் பொருத்தப்பட்ட லாரி ஆகும். இதைப் போர்வெல் வண்டி என்றும் அழைப்பர். நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோடு இத்தொழிலின் மையமாக விளங்குகிறது. இங்கிருந்து புறப்படும் வண்டிகள் தமிழகத்திலும் கர்நாடகம், ஆந்திரம், மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலும் வேலை செய்கின்றன. உடன் செல்லும் தொழிலாளர்களுக்குப் பல மாதங்கள் லாரியே வீடு.

வண்டியும் குழுவும்

ஒரு குழுவுக்கு வழக்கமாக இரண்டு லாரிகள் உண்டு. ஒன்றில் துளைக்கும் கோபுரம் இருக்கும். மற்றொன்று சப்போர்ட் லாரி. துளைக்கும் ராடுகள், டீசல், தண்ணீர், உதிரிப் பாகங்கள், அரிசி, பருப்பு, அடுப்பு, பாத்திரங்கள், துணிப்பைகள் ஆகியன இதில் செல்லும். கம்பிரசர் வண்டியின் அமைப்புக்கேற்ப இரண்டில் ஒன்றில் இருக்கும். மேலாளர், டிரில்லர், ஓட்டுநர்கள், சமையல்காரர், ராடு மாற்றும் உதவியாளர்கள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குழு. உதவியாளர்களில் பலர் வட மாநிலத்தவர்.

அன்றாட வாழ்க்கை

ராடுகளின் மேல் பலகையோ தார்ப்பாயோ விரித்துத் தூங்குவர். ஓட்டுநர்கள் கேபினில் படுப்பர். குளியல் பெரும்பாலும் விவசாயியின் பம்புசெட்டில். கட்டணம் அடிக்கணக்கில் வாங்கப்படுவதால், வண்டி நிற்கும் நாள் நட்டமாகும். ஆகவே இரவிலும் வேலை நடக்கும். ஒரு பகுதியினர் உறங்கும்போது அருகிலேயே கம்பிரசர் இரைந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் வயலில் லாரி புதையும் என்பதால் வேலை குறையும். பலரும் அப்போதே ஊர் திரும்புவர்.

கடலூர் மாவட்டத்தில்

காற்றழுத்தச் சுத்தியலால் துளைக்கும் முறை கடினப் பாறைக்கு ஏற்றது. கடலூர் மாவட்டத்தின் மேற்கில் திட்டக்குடிப் பக்கம் பாறை நிலம் உள்ளது. நெய்வேலி, கடலூர்ப் பகுதிகளில் மணற்கல்லும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சிதம்பரம் பகுதியில் வண்டலும் உள்ளன. இத்தகைய நிலத்தில் துளை சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் சேற்றுநீர் செலுத்தித் துளையின் சுவரைக் காக்கும் சுழல்முறை தேவை. கடலோரத்தில் உப்புநீர் புகாத அடுக்கைத் தேடவும் வேண்டும். ஒரே இடத்தில் கூடுதல் நாள் தங்க நேர்வதால், குழுவினர் வண்டியருகே தார்ப்பாய்க் கூடாரம் அமைப்பதுண்டு.

இடர்களும் சட்டமும்

பாறை துளைக்கும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா உள்ளது. அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குக் குணப்படுத்த இயலாத சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் வரலாம். தண்ணீர் தெளித்துத் துளைப்பதும் முகக்கவசமும் தூசியைக் குறைக்கும். உயர்த்திய கோபுரம் மின்கம்பியில் படுவதும், லாரிக்கு அடியில் உறங்குவதும் உயிருக்கு ஆபத்தானவை.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2010இல் வழங்கிய நெறிமுறைகளின்படி, கிணறு துளைக்க 15 நாட்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்; துளைக்கும் நிறுவனமும் பதிவு செய்திருக்க வேண்டும். திறந்த குழிகளில் குழந்தைகள் விழுவதைத் தடுக்கவே இவை வந்தன. வேலை செய்வோர் உறங்கும் இடம் பற்றி இந்நெறிமுறைகள் பேசவில்லை.